அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் நர்சிங், டென்டல் ஹைஜீன் படிக்க வருகிறவர்கள் யார்?

கேட்டவருடைய நிலை இது: வயது 38. ஊரில் பி.காம். முடித்தவர். கல்யாணமாகி டெக்சாஸ் வந்து பல வருடம் எச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது) வீட்டில் இருந்தவர். இப்போது கிரீன் கார்டு கைக்கு வந்திருக்கிறது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரி) நர்சிங்கோ, பல் சுத்தம் செய்யும் தொழிலான டென்டல் ஹைஜீனோ, எக்ஸ்ரே டெக்னாலஜியோ படிக்கலாம் என்று நினைக்கிறார். அங்கே படிக்க வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே தான் மட்டும் அம்மா மாதிரி உட்கார்ந்திருக்க நேருமா என்று கேட்கிறார்.

நேராது. வயதைப் பற்றிய பயத்தை முதலிலேயே எடுத்துப் போட்டுவிடலாம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களின் சராசரி வயது 27, 28 என்ற அளவில்தான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஹைஸ்கூல் முடித்த கையோடு வருகிறவர்களும், ஹைஸ்கூலில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கிறவர்களும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். மருத்துவத் துறைப் படிப்புகளை மட்டும் தனியாக எடுத்தால் வயது இன்னும் ஏறும். நான் இப்படி ஒரு கல்லூரியில் அனாடமி, பிசியாலஜி சொல்லித் தருகிறேன். நர்சிங், ரேடியோகிராஃபி (எக்ஸ்ரே எடுப்பது), ரெஸ்பிரேட்டரி தெரபி (சுவாச சிகிச்சை), டென்டல் ஹைஜீன் என்று எதற்குப் போகிறவராக இருந்தாலும் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முப்பதைத் தாண்டியவர்கள் இல்லாத வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை. மாலை வகுப்பென்றால் அவர்கள்தான் பெரும்பான்மை.

ஆனால் "யார் படிக்கிறார்கள்" என்ற கேள்விக்கு இதோடு பதில் முடிந்துவிடாது. மருத்துவத் துறைப் படிப்பு என்று கல்லூரி ஒரே பெயரில் சொன்னாலும், அந்தக் கட்டிடத்துக்குள் பல வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் நிற்கிற கூட்டம் வேறு. கல்லூரியின் விளம்பரப் படத்தில் எல்லா நிறத்தவரும் எல்லா வயதினரும் ஒன்றாக நின்று சிரிப்பார்கள். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் எந்த வாசலில் யார் நுழைகிறார்கள், யார் நடுவில் நின்றுபோகிறார்கள் என்பதை அது காட்டாது. உங்களுக்கு வேண்டியது அந்த விவரம்தான்.

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பது அதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அப்போது நர்ஸ் ஆக வேண்டுமென்றால் பெரும்பாலும் மருத்துவமனையே நடத்தும் மூன்று வருட டிப்ளமோ பள்ளியில் சேர வேண்டும், அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். கல்யாணமானவர்களை அந்தப் பள்ளிகளில் பல சேர்த்துக்கொள்ளாது. ஆண்களையும் அப்படித்தான். கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் தனிப் பள்ளிகள்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் மில்ட்ரெட் மாண்டாக் தன் ஆய்வில் வேறொரு வழியை முன்வைத்தார். அது 1951-இல் வெளிவந்தது. இரண்டே வருடம், மருத்துவமனைக்கு வெளியே, ஜூனியர் காலேஜில் (கம்யூனிட்டி காலேஜின் பழைய பெயர்) நர்சிங் கற்றுத்தரலாம் என்றார். 1952-இல் சோதனையாகச் சில ஜூனியர் காலேஜ்களில் ஆரம்பித்தார்கள். அசோசியேட் டிகிரி எனப்படும் இரண்டு வருடப் பட்ட நர்சிங் அங்கிருந்து வந்ததுதான்.

சோதனை ஆரம்பித்ததும் வந்து சேர்ந்தவர்கள் யாரென்று பாருங்கள். வயதில் மூத்தவர்கள், கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஆண்கள், அதுவரை கல்லூரிப் பக்கமே வர முடியாத சமூகத்தவர்கள். விடுதியில் தங்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்து போய் வரலாம், கட்டணம் குறைவு என்ற மூன்று காரணம் போதுமானதாக இருந்தது. பழைய பள்ளிகள் வெளியே நிறுத்தியவர்களுக்காகவே திறந்த வாசல் என்று இதைச் சொல்லலாம். இன்றும் அமெரிக்காவில் புதிதாக ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த வழியில் வருகிறவர்கள். ஆகவே 38 வயதில், இரண்டாவது வாழ்க்கையாக, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நர்சிங் படிக்க வருகிறவர் இந்தப் படிப்புக்கு விதிவிலக்கே இல்லை. அவரை மனதில் வைத்துத்தான் இது வளர்ந்தது.

இப்போது அந்த வாசல்களுக்கு வருவோம்.

மிகக் குறைந்த காலப் படிப்பு சி.என்.ஏ. எனப்படும் நர்சிங் உதவியாளர் பயிற்சி. மத்திய சட்டப்படி குறைந்தது 75 மணி நேரம் போதும், பல மாநிலங்கள் அதற்கு மேல் கேட்கின்றன. இந்த வாசலில் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாடு முழுக்க இந்த வேலையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையரல்லாதவர்கள். கறுப்பினப் பெண்களும் புலம்பெயர்ந்து வந்த பெண்களும் மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிடப் பல மடங்கு அதிகமாக இங்கே இருக்கிறார்கள். மேரிலாந்தில் என்றால் கேமரூன், நைஜீரியா, எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள், மினியாபோலிஸ் பக்கம் சோமாலியப் பெண்கள், ஃப்ளோரிடாவில் ஹெய்ட்டியர்கள். 2023 மே மாத அரசுக் கணக்கில் நர்சிங் உதவியாளரின் நடுமதிப்பு ஆண்டு வருமானம் 38,200 டாலர். வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் உதவியாளர்களுக்கு 33,530 டாலர்.

அதே கட்டிடத்தின் இன்னொரு தளத்தில் டென்டல் ஹைஜீன். 1913-இல் கனெடிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்ஃப்ரெட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் முதல் பள்ளியைத் தொடங்கி வளர்த்த தொழில். இதிலும் பெண்கள்தான், இன்றும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆனால் இங்கே வெள்ளையினப் பெண்கள் அதிகம், வயது குறைவு, ஏற்கெனவே ஒரு டிகிரியோ டென்டல் அசிஸ்டென்ட் அனுபவமோ கையில் வைத்திருப்பவர்கள் கணிசம். அதே 2023 கணக்கில் இவர்களுடைய நடுமதிப்பு வருமானம் 87,530 டாலர். ஆர்.என்.களுடையது 86,070. சி.என்.ஏ.வைப் போல இரு மடங்குக்கும் மேல். இரண்டு வகுப்பும் ஒரே கல்லூரி, ஒரே வாகன நிறுத்தம், ஒரே நூலகம்.

சோனோகிராஃபி (அல்ட்ராசவுண்ட் எடுப்பது), ரேடியோகிராஃபி, பிசிகல் தெரபி அசிஸ்டென்ட் எல்லாம் டென்டல் ஹைஜீன் பக்கம் சாய்ந்தவை. மெடிக்கல் அசிஸ்டென்ட், ஃபிளபாட்டமி (ரத்தம் எடுப்பது) இரண்டும் சி.என்.ஏ. பக்கம். நர்சிங் நடுவில் நிற்கிறது, அதனால்தான் அதில் எல்லாக் கூட்டமும் கலந்திருக்கும். பாராமெடிக் வகுப்பு மட்டும் தனி ரகம், அங்கே ஆண்கள் அதிகம். தீயணைப்புத் துறையில் சேர விரும்பும் இளைஞர்கள், ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டு வந்தவர்கள்.

ஏன் இப்படிப் பிரிகிறது? அறிவு வித்தியாசமென்று நினைக்காதீர்கள். என் வகுப்பில் எல்லோரும் ஒரே மைக்ராஸ்கோப்பில் ஒரே ஸ்லைடைப் பார்க்கிறார்கள். பத்து வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த சி.என்.ஏ. ஒருவருக்குப் படுக்கைப்புண் எந்த எலும்பின் மேல் முதலில் வரும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சேக்ரத்தின் (முதுகின் அடிப்பகுதி எலும்பு) மேல், குதிகாலில், இடுப்பெலும்பின் பக்கவாட்டில் என்று வரிசையாகச் சொல்வார், ஏன் என்றும் சொல்வார். அவர் தடுமாறுவது வேறிடத்தில். நாலாயிரம் சொல்லுக்குக் குறையாத ஆங்கிலப் பாடப்பகுதியை இரவு ஷிஃப்ட் முடித்து வந்து வாசித்து, மறுநாள் நாற்பது கொள்குறிக் கேள்விகளுக்கு ஐம்பது நிமிடத்தில் விடையளிக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்.

இங்கே சேர்க்கை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் என்றால் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது உண்மை. ஆனால் அது கல்லூரிக்கு உண்மை, நர்சிங் படிப்புக்கு இல்லை. கல்லூரியில் சேர்ந்து அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஆங்கிலம், சைக்காலஜி, பல இடங்களில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று முன்பாடங்களை முடிக்க வேண்டும். பிறகு டீஸ் அல்லது ஹெசி என்ற நுழைவுத் தேர்வு. பிறகு தனியாக விண்ணப்பம். மதிப்பெண்களைப் புள்ளிகளாக்கி வரிசைப்படுத்துவார்கள். சில கல்லூரிகளில் தகுதியுள்ளவர்களைக் குலுக்கலில் எடுப்பதும், காத்திருப்புப் பட்டியல் வைப்பதும் உண்டு. கலிஃபோர்னியாவில் குலுக்கல் பல வருடம் பரவலாக இருந்தது, பிறகு பல அம்சங்களைச் சேர்த்துப் பார்த்துப் புள்ளி போடும் முறைக்கு அங்கே சட்டமே வழிசெய்தது.

குலுக்கலும் காத்திருப்புப் பட்டியலும் இருந்தால் வகுப்பு ஒரு மாதிரி அமையும், புள்ளிமுறை வந்தால் வேறு மாதிரி அமையும். புள்ளிமுறையில் முன்பாடம் எல்லாவற்றிலும் ஏ வாங்கியவர் மேலே வருவார். வேலைக்குப் போகாமல் படிக்க முடிந்தவர், ஏற்கெனவே பயாலஜியில் பி.எஸ். முடித்துவிட்டு இதற்கு வருகிறவர், வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் இருப்பவர் ஆகியோருக்கு ஏ வாங்குவது சுலபம். ஒரு செமஸ்டரில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் பாடத்தைப் பாதியில் விட்டவருக்கு, அதைத் திரும்ப எடுத்து நன்றாகச் செய்தாலும், சில கல்லூரிகளில் புள்ளி குறையும். தகுதி பார்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை, நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட படிப்பு இது. ஆனால் கால அவகாசமும் பண வசதியும் தகுதி என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகின்றன. முன்பாட வகுப்பில் நான் பார்க்கிற முகங்களையும், இரண்டு வருடம் கழித்துப் பின்னிங் விழாவில் (நர்சிங் முடித்தவர்களுக்குச் சின்னம் அணிவிக்கும் விழா) மேடையேறுகிற முகங்களையும் மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது என்னை வருத்துவது இதுதான்.

இடமே குறைவு என்பதும் இதற்குப் பின்னால் இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சியில் ஓர் ஆசிரியருக்குப் பத்து மாணவர்கள் வரை என்பது பல மாநிலங்களில் எல்லை. நர்சிங் ஆசிரியராக மாஸ்டர்ஸ் வேண்டும், அந்தப் படிப்புள்ள நர்ஸுக்கு மருத்துவமனை கொடுக்கிற சம்பளத்தைக் கல்லூரியால் கொடுக்க முடியாது. அதனால் ஆசிரியர் கிடைப்பதில்லை, இடம் கூடுவதில்லை. இதோடு என்கிளெக்ஸ் எனப்படும் நர்ஸ் உரிமத் தேர்வின் தேர்ச்சி விகிதமும் சேர்கிறது. டெக்சாஸில் முதல் முயற்சியில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் நர்சிங் போர்டு கல்லூரியைக் கேள்வி கேட்கும். கலிஃபோர்னியாவில் அந்த எல்லை 75. கல்லூரி தன் அங்கீகாரத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தேர்வில் தடுமாறக்கூடியவர் என்று தோன்றுகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுவது எளிய வழியாகிவிடுகிறது. தாய்மொழி ஆங்கிலமில்லாதவர்களுக்கு இது சுமை.

உள்ளே நுழைந்தவர்கள் யார், யார் முடிக்கிறார்கள் என்பது அடுத்த கட்டம். கிளினிக்கல் நாளில், அதாவது மருத்துவமனைப் பயிற்சி நாளில், காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும். பெரும்பாலான டே-கேர்கள் திறப்பதே ஆறரைக்குத்தான், அதற்கு முன் திறப்பது அபூர்வம். மருத்துவமனை நாற்பது நிமிட தூரத்தில் இருந்தால் கணக்கு இடிக்கும். எந்த மருத்துவமனை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, செமஸ்டருக்குச் செமஸ்டர் மாறும், கார் இல்லாமல் முடியாது. இரண்டு மூன்று முறை தாமதமானால் எச்சரிக்கை, அதற்கு மேல் போனால் வெளியே. நாடு முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இவர்களைப் பாடம் தோற்கடிப்பதைவிட அதிகாலையும் வாடகையும் தோற்கடிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குச் சான்று உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 1990-இல் சான் அன்டோனியோவில் லீவைஸ் ஜீன்ஸ் தைக்கும் ஆலை ஒன்றை மூடினார்கள். ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று, பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். அந்த அடிக்குப் பிறகு அங்குள்ள தேவாலயங்களும் மக்கள் அமைப்புகளும் கூடி 1992-இல் ப்ராஜெக்ட் க்வெஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கின. உள்ளூர்க் கம்யூனிட்டி காலேஜ்களில் ஆட்களைச் சேர்த்து, கட்டணம், புத்தகம், குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு உதவி, கணக்கும் ஆங்கிலமும் பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி, வாராவாரம் ஓர் ஆலோசகரோடு சந்திப்பு என்று ஏற்பாடு. மருத்துவத் துறைப் படிப்புகளுக்கு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறாவது ஆண்டில், திட்டத்தில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 டாலர் அதிகம் சம்பாதித்தார்கள். ஆட்கள் அதே வகை ஆட்கள், கல்லூரியும் அதே கல்லூரி. சுற்றியிருந்த ஏற்பாடுதான் வேறு.

வாஷிங்டன் மாநிலத்தில் ஐ-பெஸ்ட் என்றொரு முறை 2004 வாக்கில் தொடங்கியது. வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். ஒருவர் தொழில்பாடம் நடத்துவார், இன்னொருவர் அதே வகுப்பிலேயே ஆங்கிலமும் அடிப்படைக் கணக்கும் பார்த்துக்கொள்வார். முதலில் இரண்டு வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு. நர்சிங் உதவியாளர் பயிற்சியில் இது நன்றாக எடுபட்டது. இதை எல்லா மாநிலமும் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்களைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் உங்கள் கணவர் நண்பர்கள் யாராவது கேட்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். 1970-இல் அமெரிக்க ஆர்.என்.களில் ஆண்கள் 2.7 சதவீதம், இப்போது 11, 12 சதவீதம். மிசிசிப்பியில் ஜோ ஹோகன் என்ற ஆண் நர்ஸ் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, பெண்களுக்கான பல்கலைக்கழகம் என்று சொல்லி மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பு அது. ஆண்களை விலக்குவது, நர்சிங் பெண்களுக்கு மட்டுமான வேலை என்ற எண்ணத்தை நிலைநிறுத்தவே உதவும் என்றார். ஐ.டி. வேலை போய் நர்சிங்கிற்கோ ரேடியாலஜிக்கோ வருகிற நடுவயது ஆண்கள் இப்போது என் வகுப்பில் புதுமையில்லை.

புலம்பெயர்ந்தவர்கள் விஷயத்தில் ஊருக்கு ஊர் படம் மாறும். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் இருக்கும் ஹோஸ்டோஸ் கம்யூனிட்டி காலேஜ் 1968-இல் போர்ட்டோ ரிக்கோ மக்களும் மற்றவர்களும் போராடிக் கேட்டதால் வந்தது. நர்சிங், டென்டல் ஹைஜீன், ரேடியாலஜி மூன்றும் அங்கே உண்டு, மாணவர்களில் பெரும்பான்மையினர் ஸ்பானிய மொழிக் குடும்பத்தவர்கள். குயின்ஸில் இருக்கும் லகார்டியா கம்யூனிட்டி காலேஜில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிறந்தவர்கள் படிக்கிறார்கள். மயாமி டேட் காலேஜின் மருத்துவ வளாகத்தில் கியூபா, கொலம்பியா, ஹெய்ட்டி. ஆகவே டென்டல் ஹைஜீன் என்றால் வெள்ளையினப் பெண்கள் என்று நான் மேலே சொன்னது நாடு முழுக்கப் பார்த்த சாய்வு. பிராங்க்ஸில் அது பொருந்தாது. உங்கள் ஊர் டாலஸ் பக்கமா, சின்ன மேற்கு டெக்சாஸ் ஊரா என்பதைப் பொறுத்தும் வகுப்பு மாறும்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்புகளில் தமிழ்ப் பெண்களை நான் இரண்டு வகையாகப் பார்க்கிறேன். ஒரு வகை உங்களைப் போல வணிகவியலோ இலக்கியமோ படித்து, முதல்முறையாக அறிவியல் பக்கம் வருகிறவர்கள். இன்னொரு வகை ஊரில் பி.டி.எஸ். முடித்த பல் மருத்துவர்கள், பி.பி.டி. முடித்த பிசியோதெரபிஸ்ட்கள். இங்கே திரும்பப் பல் மருத்துவராக வேண்டுமென்றால் செலவும் வருடங்களும் மலைக்க வைக்கும், அதனால் டென்டல் ஹைஜீனுக்கோ, பிசிகல் தெரபி அசிஸ்டென்ட் படிப்புக்கோ வருகிறார்கள். ஊரில் ரூட் கெனால் செய்தவர் இங்கே பல் சுத்தம் செய்யப் படிப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. ஆனால் எட்டு வருடம் எச்-4 விசாவில் வீட்டில் அடைந்திருந்தவருக்கு அந்த வெள்ளைக் கோட்டும் சொந்தச் சம்பளமும் எவ்வளவு பெரியது என்பதையும் அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை, வேலைதான் தடை. 2015-இலிருந்து, கணவரின் கிரீன் கார்டு மனு ஒப்புதலாகியிருந்தால் மனைவிக்கு ஈஏடி என்ற வேலை அனுமதி கிடைக்கிறது, அதற்குப் பிறகுதான் இந்த வகுப்புகளில் நம் பெண்கள் கண்ணில் பட ஆரம்பித்தார்கள்.

கணக்கெடுப்பில் நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால் குழப்பம்தான். கல்லூரிகள் மத்திய அரசின் ஐபெட்ஸ் கணக்குக்குத் தரும் படிவத்தில், தற்காலிக விசாவில் இருப்பவர்கள் எல்லோரும் எந்த இனமானாலும் வெளிநாட்டவர் என்ற ஒரே கட்டத்தில் போவார்கள். எச்-4 விசாவில் படித்திருந்தால் நீங்கள் அந்தக் கட்டத்தில். கிரீன் கார்டு வந்த மறு செமஸ்டர் ஆசியர் என்ற கட்டத்துக்கு மாறுவீர்கள். அந்தக் கட்டத்தில் பிலிப்பைன்ஸ்காரர், மோங் (தென்கிழக்கு ஆசிய மலைவாழ் இனம்) அகதிக் குடும்பத்துப் பெண், கொரியர், தமிழர் எல்லோரும் ஒன்று. அமெரிக்க நர்சிங்கில் பிலிப்பைன்ஸ்காரர்களுக்குத் தனி வரலாறே உண்டு, அவர்களையும் நம்மையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் எவருடைய நிலையும் தெரியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு கம்யூனிட்டி காலேஜில் மொத்தம் யார் யார் சேர்ந்தார்கள் என்பது பொதுவெளியில் கிடைக்கும். எந்தப் படிப்பில் யார் முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதும் இனம், பாலினம் வாரியாகக் கிடைக்கும். ஆனால் நர்சிங்கிற்கு விண்ணப்பித்தவர்கள் யார், கிடைக்காமல் போனவர்கள் யார், நடுவில் நின்றவர்கள் யார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. கல்லூரிகளின் உள்பதிவேடுகளில் இருக்கும், வெளியே வருவது அரிது. மேலே சொன்ன வடிகட்டல் நடப்பதே அங்கேதான். அதனால்தான் இதை வெளியிடச் சொல்லிக் கல்லூரிகளைக் கேட்க வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டத்திலும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் எந்தக் கூட்டத்தில் சேர்வீர்கள் என்று நேராகச் சொன்னால், வசதியான பக்கத்தில். வீட்டில் ஒரு சம்பளம் வருகிறது, கார் இருக்கிறது, ஒரு டிகிரி இருக்கிறது. புள்ளிமுறை உங்களைப் போன்றவருக்குச் சாதகம். உங்களுக்கு இடிக்கப்போவது மூன்று இடத்தில். ஒன்று, அறிவியல் அடிப்படை: வேதியியலைப் பள்ளியோடு விட்டவருக்கு செல் சவ்வும் அமில-காரச் சமநிலையும் முதல் மாதத்திலேயே மூச்சு வாங்க வைக்கும். கெமிஸ்ட்ரி அறிமுகப் பாடம் ஒன்றை முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டு, பேச்சு ஆங்கிலம்: நம்மவர்கள் எழுத்தில் நன்றாகச் செய்துவிட்டு, வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றிச் சுருக்கமாக ஒப்படைத்துப் பேசும் இடத்தில் குரல் தாழ்ந்துபோகிறார்கள். இதற்கு ஒரே வழி, முன்பாடக் காலத்திலேயே சி.என்.ஏ. பயிற்சி முடித்து வாரம் ஒரு நாளாவது வேலை பார்ப்பது. பல கல்லூரிகளில் அதற்குப் புள்ளியும் உண்டு. வேலை தாழ்வானதென்று உறவினர்கள் பேசலாம். நல்ல நர்ஸ்களில் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான், அவர்களோடு வேலை பார்த்தால் வகுப்பில் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கப்போகிறவரின் வாழ்க்கையும் புரியும். மூன்று, கிளினிக்கல் நாளின் அதிகாலை: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்பதைக் கணவரோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள், சேர்ந்த பிறகு பேசலாம் என்று விட்டவர்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

பணம்: கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிரான்ட் உதவியின் உச்சவரம்பு சமீப ஆண்டுகளில் 7,395 டாலர். ஆனால் அது முதல் இளநிலைப் பட்டம் வாங்காதவர்களுக்கு மட்டும், வெளிநாட்டுப் பட்டமும் கணக்கில் வரும். உங்கள் பி.காம். மூன்று வருடப் படிப்பு என்பதால் அதை அமெரிக்க இளநிலைக்குச் சமமாக எடுப்பார்களா என்பதைக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகம்தான் தீர்மானிக்கும், முதலிலேயே கேளுங்கள். டெக்சாஸில் கல்லூரி மாவட்டத்துக்குள் குடியிருந்தால் கட்டணம் இன்னும் குறைவு, வீடு மாறும் எண்ணமிருந்தால் அதையும் பாருங்கள்.

அசோசியேட் டிகிரியோடு நிற்க முடியாது என்பதும் மனதில் இருக்கட்டும். பெரிய நகர மருத்துவமனைகள் பி.எஸ்.என். எனப்படும் நர்சிங் இளநிலைப் பட்டம் கேட்கின்றன. நியூயார்க்கில் 2017 சட்டப்படி புதிதாக ஆர்.என். ஆகிறவர்கள் பத்து வருடத்துக்குள் அதை முடித்தாக வேண்டும். ஆர்.என். வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் முடிக்கும் வழிகள் டெக்சாஸில் நிறைய.

கல்லூரியின் நர்சிங் துறை நடத்தும் அறிமுகக் கூட்டத்துக்குப் போங்கள், இலவசம்தான். போன வருடம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை இடம், சேர்ந்தவர்களில் கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி என்ன, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். முடித்தவர் விகிதத்தையும் என்கிளெக்ஸ் தேர்ச்சியையும் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் இணையதளத்திலேயே போட்டிருக்கும், டென்டல் ஹைஜீனுக்கும் ரேடியோகிராஃபிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அறிவியல் முன்பாடங்களுக்குப் பல கல்லூரிகளில் ஐந்து அல்லது ஏழு வருடக் காலாவதி உண்டு. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று முடிவு செய்துவிட்டு அனாடமியில் சேருங்கள், அதற்கு முன்னால் அவசரப்பட்டு எடுத்துவைக்க வேண்டாம்.